வாத்தியாரின் மகன்

திரைப்படத்தை எடுத்துவைத்து ஆராய்வது இத்தகைய ஏடுகளின் பக்கங்களில் அரிது. எனினும், 2021ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’, கொட்டகை ஏறாமல் அமேசான் பிரைம் வழியாக நேரே வீட்டுக் கூடத்திற்கு வந்து சேர்ந்த படம். சினிமாவுக்குப் போகும் வழக்கமில்லாத இல்லங்களிலும் வாப்பாவும் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து அதனைக் கண்டிருக்கிறார்கள். கண்டவர்கள் வியந்து பேசியதெல்லாம் கபிலனின் கை வேகத்தை. டான்சிங் ரோஸின் கால் நடனத்தை. பசுபதி என்னும் நடிகர் வேட்டி சட்டையில் வாத்தியாராக நின்ற நிமிர்வை. அந்த வாத்தியாருக்கு ஒரு மகன் உண்டு என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? நாம் பேச விரும்புவது அவனைப் பற்றித்தான்.

படத்தின் களம் இராயபுரமும் அதைச் சூழ்ந்த வடசென்னையும். காலம் நெருக்கடி நிலையை ஒட்டிய ஆண்டுகள். தென்னாட்டின் முதல் இரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்ட ஊர் இராயபுரம். ஒருபுறம் துறைமுகம், மறுபுறம் காசிமேட்டு மீன்பிடித் துறை, சற்றே தள்ளி ஆலைகள். உழைத்துப் பிழைப்போர் நெருங்கி வாழ்ந்த இப்பகுதியில், துறைமுகத்தையும் இரயிலையும் ஒட்டி வந்த ஐரோப்பியரிடமும் ஆங்கிலோ இந்தியரிடமும் கண்டு பழகிய ஆங்கிலக் குத்துச்சண்டை, சில தலைமுறைகளில் நம்மவர் கலையாகவே வேரூன்றிவிட்டது. வாத்தியாரும் சீடருமாகக் குழுக்கள் கிளைத்தன. அவற்றுக்குப் ‘பரம்பரை’ என்று பெயர். இச்சொல்லைச் சற்றே நின்று கவனிக்க வேண்டும். இங்கே பரம்பரை என்பது இரத்தவழி வருவதன்று, கை வழி வருவது. வாத்தியாரின் கையிலிருந்து சீடனின் கைக்கு எது போகிறதோ அதுவே பரம்பரை. மகனுக்கு அதில் தனியுரிமை ஏதுமில்லை. படத்தின் சிக்கல் முழுவதும் இச்சொல்லுக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். சார்பட்டாப் பரம்பரையின் வாத்தியார் இரங்கன். திராவிட முன்னேற்றக் கழகத் தொண்டர். 1949 செப்டம்பரில் அக்கட்சி தோன்றியபோது அதன் தொடக்கக் கூட்டம் நடந்த இராபின்சன் பூங்கா இராயபுரத்தில்தான் இருக்கிறது; ஆதலால் அந்த மண்ணில் இப்படியொரு மனிதரைக் காண்பது வியப்பன்று. எதிரணி இடியாப்பப் பரம்பரை. அவர்களின் வேம்புலி, சார்பட்டாவின் மீரானைத் தோற்கடிக்கிறான். மானம் பொறாத இரங்கன், அடுத்த போட்டியிலும் தோற்றால் சார்பட்டாப் பரம்பரை இனி மேடையே ஏறாது என்று சபதம் செய்துவிடுகிறார். வேம்புலியை எதிர்க்க யாரை நிறுத்துவது? மகன் வெற்றிச்செல்வன் அதே கலையைக் கற்றவன். தந்தையின் விரல் தன்னை நோக்கி நீளும் என்று காத்திருப்பவன். விரல் அவன் பக்கம் திரும்பவில்லை. இராமனைத் தேர்கிறார், பின்னர் அவனையும் விலக்கிவிட்டு, ஒருநாளும் முறையாகப் பயின்றறியாத கூலித் தொழிலாளியான கபிலனைத் தேர்கிறார்.

இரங்கன் செய்தது பிழையா? வாத்தியார் என்ற முறையில் அணுவளவும் பிழையில்லை. தகுதி உடையவனைத் தேர்ந்தார். மகன் என்பதற்காகத் தராசைச் சாய்க்கவில்லை. பதவியையும் கட்சியையும் பிள்ளைக்குப் பட்டா எழுதும் காலத்தில் இந்நேர்மை போற்றத்தக்கது. பார்ப்போர் மனம் இரங்கனைப் பெரிய மனிதராகவே ஏற்கிறது, இயக்குநர் பா. இரஞ்சித்தின் நோக்கமும் அதுவே. ஆனால் அந்த மகன் தந்தையிடம் கேட்டது சாம்பியன் பட்டத்தையா? அவன் முகத்தைக் கூர்ந்து நோக்குவோர்க்கு வேறொன்று தெரியும். ‘அத்தனை பேர் கையையும் பார்க்கிறீரே, என் கையை ஒருமுறை பார்த்தீரா?’ என்ற வினா அங்கே தேங்கி நிற்கிறது. பயிற்சிக் கூடத்தில் நாளெல்லாம் இருவரும் ஒன்றாகவே இருக்கிறார்கள். தகப்பனும் பிள்ளையுமாக, ஒரு மாலைப்பொழுதில், எந்தப் போட்டியையும் முன்னிட்டல்லாமல் கையுறை மாட்டி எதிரெதிரே நின்று சிரித்தார்கள் என்று மனத்தில் தங்கும்படியான காட்சி ஒன்றுகூடப் படத்தில் இல்லை. ஏறத்தாழ மூன்று மணி நேரப் படத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை என்றால், அது இரங்கனின் வாழ்விலும் இடமில்லாதிருந்த ஒன்று என்றே கொள்ள வேண்டும்.

மதரஸாக்களில் பணியாற்றுவோர்க்கு இது புதிதன்று. தாம் பேர்பெற்ற உஸ்தாதாக இருந்தும், தம் மகனைத் தம் வகுப்பில் அமர்த்தாது வேறோர் உஸ்தாதிடம் ஒப்படைத்துவிடும் பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். ‘பாடத்தில் பிழைவிட்டால் அடிக்கிறவனும் நானே, வீட்டில் சோறு பிசைந்து ஊட்டுகிறவனும் நானே என்றால் பிள்ளை எந்த முகத்தைப் பார்ப்பான்?’ என்பது அவர்கள் நியாயம். ஒருவருக்கு இரண்டு இருக்கைகள் இருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டிலும் அமர முடியாது. இரங்கன் எப்போதும் ஓர் இருக்கையிலேயே அமர்ந்திருந்தார்.

இதே பொருளை முற்றும் வேறான மண்ணில், வேறான காலத்தில் சொன்ன அரபு நூல் ஒன்று உண்டு. ‘கிதாபுல் இஃதிபார்’ என்பது அதன் பெயர். இயற்றியவர் உஸாமா இப்னு முன்கித்; 1095இல் பிறந்து 1188இல் மறைந்த சிரியா நாட்டவர். போர்வீரர், கவிஞர், பல அரசவைகளில் பழகியவர். முதல் ஏடுகள் இல்லாத ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி ஸ்பெயினின் எஸ்கோரியல் நூலகத்தில் கிடந்தது. டெரன்பர்க் என்னும் அறிஞர் 1880களில் அதனைப் பதிப்பித்தார். பிலிப் ஹிட்டி 1929இல் ஆங்கிலமாக்கி வெளியிட்டார். சிலுவைப் போர்க்காலச் சான்றாகவே இந்நூலை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நமக்கோ அதன் கடைசிப் பகுதிதான் உயிர். தொண்ணூறு வயதை எட்டிய ஒரு கிழவர், தம் தகப்பனாரோடு வேட்டைக்குப் போன நாள்களை அங்கே நினைவுகூர்கிறார்.

தந்தை முர்ஷித், ஆஸி நதிக்கரையிலுள்ள ஷைஸர்க் கோட்டையின் ஆளும் குடும்பத்தவர். அவருக்கு மூன்றே வேலைகள்: எதிரியோடு போர், திருக்குர்ஆனைத் தம் கைப்பட நகலெடுப்பது, வேட்டை. நாற்பதுக்கும் மேற்பட்ட முழுப் பிரதிகளை எழுதி வைத்துப் போனவர். வேட்டைப் பருந்துகளையும் நாய்களையும் தேடிக் கான்ஸ்டான்டினோபிள் வரை ஆளனுப்பியவர். அல்யஹ்ஷூர் என்று பேரிட்டழைத்த ஒரு பருந்து அவ்வீட்டில் குடும்பத்து உறுப்பினர் போலவே பல்லாண்டு வாழ்ந்ததாக உஸாமா எழுதுகிறார். மலைப்பக்கம் கௌதாரியும் முயலும். நாணல் படர்ந்த ஆற்றுப்பக்கம் நீர்ப்பறவைகள். எந்தப் பருவத்தில் எங்கே போவது, யார் முன்னே போவது, பறவை எழும்பினால் யார் பருந்தை விடுவது என்று ஒவ்வொன்றும் நேற்று நடந்ததுபோல் அந்த ஏட்டில் இருக்கிறது. தந்தை எங்கே உபதேசித்தார் என்று தேடிப் பாருங்கள், மிகக் குறைவு. எங்கே உடன் நின்றார் என்று பாருங்கள், ஏடு முழுவதும்.

அந்நூலில் ஒரு நிகழ்ச்சியை நாம் மறக்கவே முடியவில்லை. உஸாமா சிறு பிள்ளை. வீட்டின் வளைவொன்றில் ஒரு பெரிய பாம்பு தலை நீட்டுகிறது. பிள்ளை ஏணியைக் கொண்டுவந்து சாத்தி ஏறி, சிறு கத்தியால் அதன் கழுத்தை அறுக்கிறது. தகப்பனார் கீழே நின்று பார்க்கிறார். ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. ‘இப்படிப் பிடி’ என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் கவனமின்மையன்று. கண் இமைக்காத கவனம். தம்மிடம் பேரன்பு கொண்டிருந்தும் தந்தை ஆபத்தான செயல்களிலிருந்து தம்மைத் தடுத்ததில்லை என்பதை உஸாமா வியப்போடு பதிவு செய்கிறார். நம் காலத்துத் தகப்பன்மார் எல்லாரும் பிள்ளையைப் பாம்பின் முன்னே நிறுத்த வேண்டும் என்பதா நம் கருத்து? அல்லவே அல்ல. பிள்ளை கை நடுங்கிக்கொண்டு ஒன்றைச் செய்யும்போது பார்த்துக்கொண்டு மட்டும் நிற்க எத்தனை தகப்பன்மாருக்குத் தெரியும் என்பதே நாம் கேட்பது. சைக்கிள் விடக் கற்கும் பிள்ளையின் பின்னால் ஓடும் தகப்பனின் வாயைக் கவனித்துப் பாருங்கள். அது ஒரு கணமும் மூடுவதில்லை.

முர்ஷிதுக்கு அது எப்படி இயன்றது? விடை அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. ஷைஸரின் ஆட்சி முறைப்படி அவரைத்தான் வந்தடைந்தது. அவர் அதனை ஏற்காது தம்பி சுல்தானிடம் விட்டுவிட்டார். காக்க வேண்டிய அரியணை இல்லாத மனிதர். ஆகவே மகனின் கையை ஆட்சியின் கண்ணால் அளக்கும் தேவை அவருக்கு எழவில்லை. அந்தச் சிறிய தந்தையைப் பாருங்கள். இளைஞரான உஸாமா ஒருநாள் சிங்கமொன்றை வென்று அதன் தலையோடு ஊருக்குள் வருகிறார். வீட்டிலிருந்த பாட்டியார் மகிழவில்லை. இதனால் உன் சிறிய தந்தையின் நெஞ்சம் உன்னைவிட்டு இன்னும் விலகத்தான் செய்யும் என்ற கருத்தில் எச்சரிக்கிறார். கிழவியின் கண் கூர்மையானது. 1137இல் முர்ஷித் மறைந்தார். அடுத்த ஆண்டே உஸாமா ஷைஸரை விட்டு வெளியேற நேர்ந்தது. ஒரே வேட்டை, ஒரே பிள்ளை. அரியணையைத் துறந்தவருக்கு அப்பிள்ளையின் வீரம் விருந்து. அரியணையில் இருந்தவருக்கு அதுவே உறுத்தல்.

இதனை இராயபுரத்துக் குத்துச்சண்டைக் கூடத்திற்குக் கொண்டுவந்து வைத்தால் இரங்கன் துலங்குகிறார். அவரிடம் அரியணை இல்லை. பரம்பரை மானம் இருந்தது. ஒரு போட்டியின் தலையில் பரம்பரையின் ஆயுளையே கட்டிவைத்த பிறகு, அவர் கண்ணில் படும் ஒவ்வோர் இளைஞனும் ‘இவன் காப்பாற்றுவானா மாட்டானா’ என்ற ஒரே தராசில்தான் ஏறுவான். வெற்றியும் ஏறினான், எடை போதவில்லை. தராசில் ஏறிய பிள்ளை இறங்கும்போது மகனாக இறங்குவதில்லை, குறைந்த எடையாகவே இறங்குகிறான். 1976 சனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட, இரங்கன் கைதாகிறார். அந்த வெற்றிடத்தில் வெற்றியும் கபிலனும் சாராயத் தொழிலில் இறங்குவதைப் படம் காட்டுகிறது. அரசியல் நெருக்கடி இளைஞர்களைக் கெடுத்தது என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். கபிலனைப் பொறுத்தவரை அது சரி. வெற்றியிடம் உள்ள வெடிப்போ சிறைக் கதவு சாத்தப்படுவதற்கு வெகு முன்பே விழுந்தது.

கபிலனின் நிலையும் ஆராயத்தக்கதே. அவன் தந்தை முனிரத்தினம் குத்துச்சண்டை வீரர். பின்னர் ரவுடியாகி வெட்டுண்டு மடிந்தவர். ஆகவே தாய் பாக்கியம் கையுறையை மகன் தொடவும் விடமாட்டாள். மேடைப் பக்கம் போனான் என்று தெரிந்தாலே அடிப்பாள். இறந்துபோன தகப்பனோடு மகனுக்கிருந்த ஒரே உறவு அந்தக் கலை. அதையும் அவன் திருட்டுத்தனமாகவே பேண வேண்டியிருக்கிறது. தகப்பனில்லாத அவ்விளைஞன் ஒருவரை ‘வாத்தியார்’ என்கிறான். கெவின் என்னும் ஆங்கிலோ இந்தியப் பெரியவரை ‘டாடி’ என்கிறான். இந்த டாடிக்குப் பரம்பரையைக் காக்கும் பொறுப்பு ஒன்றுமில்லை. போட்டியைப் பார்ப்பார், இரசிப்பார், பழங்கதை பேசுவார், திட்டுவார், கூடவே வருவார். சிரிப்புக்காக வைத்த பாத்திரம்போல் தோன்றினாலும், ஒரு பொழுதுபோக்கைப் பகிர்ந்துகொள்ளுதல் என்றால் என்னவென்று படத்தில் அறிந்த ஒரே மனிதர் அவர்தான். முகம்மது அலியின் வாழ்க்கையிலும் இதற்கொரு சாயல் உண்டு. அவர் தந்தை விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1954இல் சைக்கிள் திருடுபோனதென்று புகார் சொல்ல வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் குத்துச்சண்டைக்கு அழைத்துப் போனவர் ஜோ மார்ட்டின் என்னும் காவலர். கலை வேறொரு வாசல் வழியாக வருவதில் தகப்பனுக்கு இழுக்கொன்றுமில்லை.

‘முர்ஷித் கோட்டைவாசி, அவருக்குப் பருந்து பறக்கவிட நேரமுண்டு. துறைமுகத்தில் ஷிப்டு முடித்துச் சோர்ந்து வருபவனுக்கு ஏது நேரம்?’ என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை அதே வடசென்னையின் தெருக்களிலேயே இருக்கிறது. மாலை நேரத்தில் ஒரு விளக்கின் கீழே கேரம் பலகை. அதன் மேல் வழவழப்புக்குத் தூவிய போரிக் பவுடர். நான்கு பக்கமும் நான்கு தலைகள். சுற்றிலும் வேடிக்கை பார்ப்போர். செலவு சொற்பம். ஆங்கிலக் குத்துச்சண்டையைப் போலவே வடசென்னை ஏழைத் தொழிலாளர் தமதாக்கிக்கொண்ட ஆட்டம் இது. சென்னையின் மரிய இருதயம் இவ்வாட்டத்தில் இருமுறை உலகப் பட்டம் வென்று, 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வடசென்னையைச் சேர்ந்த காசிமா என்னும் பதினேழு வயதுப் பெண் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அவர் தந்தை ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர். மகளுக்குக் கேரம் கற்றுத் தந்தவரும் அவரே. மகளைப் பற்றி எழுதிவிட்டு மகனின் கதைக்கு இழுக்கிறீர்களே என்று கேட்பவர்க்கு, கேரம் பலகைக்கு ஆண்பிள்ளை பெண்பிள்ளை வேறுபாடில்லை என்பதே நம் மறுமொழி.

கேரத்தில் ஒரு நுட்பம் உண்டு. கற்றுக்கொடுப்பவரும் கற்பவரும் ஒரே உயரத்தில், ஒரே பலகையின் இரு பக்கத்தில் அமர வேண்டும். வாப்பா அடித்த காய் குழியில் விழாமல் திரும்பி வந்தால் பிள்ளை அதைப் பார்க்கும். பத்து வயதுப் பிள்ளை ஸ்ட்ரைக்கரைத் தட்டிச் சிவப்புக் காயைப் போட்டால் வாப்பா தோற்றாக வேண்டும், பக்கத்திலிருப்போர் சிரிப்பார்கள். தோற்கச் சம்மதிக்கும் தகப்பனைப் பிள்ளை முதன்முதலில் காணும் இடம் பெரும்பாலும் இத்தகைய பலகை ஓரமே. குத்துச்சண்டை மேடையில் இரங்கன் கயிற்றுக்கு வெளியே நிற்பவர். அவர் தோற்க வழியே இல்லை. தம் மகனிடம் தோற்கும் வாய்ப்பு அவருக்கு ஒருநாளும் அமையவில்லை.

இன்னொன்றும் கூற வேண்டும். இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் பொழுதுபோக்கு தகப்பனுடையது. பிள்ளை அதற்குள் அழைக்கப்படுகிறான். எதிர்த்திசையில் நடக்கும் பாதையும் உண்டு. அபூ உமைர் என்னும் சிறுவர், அனஸ் (ரலி) அவர்களின் தம்பி, ஒரு சிறு குருவியை வளர்த்து வந்தார், அது இறந்துபோனது. அவ்வீட்டுக்கு வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வாடிய முகத்தோடிருந்த சிறுவரைப் பெரியவரை அழைப்பதுபோல் குன்யத்துப் பெயர் சொல்லி அழைத்து, அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள். ஹதீஸ் பயின்றோர் யாவரும் அறிந்த நிகழ்ச்சி இது. ஷாஃபியீ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ், ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட பயன்களை எடுத்துத் தனி நூலே செய்தார். சட்ட நுணுக்கங்களை அவர் பார்த்துக்கொள்ளட்டும். நமக்குத் தோன்றுவது இவ்வளவே: பெரியவர் தம்முடைய பொருளைச் சிறுவரிடம் கொண்டுபோகவில்லை, சிறுவரின் பொருளைப் பற்றிக் கேட்டார்கள். இன்று பிள்ளையின் கையிலிருப்பது குருவியாக இருக்காது. தபால்தலையாகவோ, மீன்தொட்டியாகவோ, கைபேசியில் ஓடும் ஆட்டமாகவோ இருக்கலாம். அது இன்னதென்று பெயர் சொல்லக்கூடத் தெரியாத வாப்பாக்கள் ‘என் பிள்ளை என்னோடு பேசுவதே இல்லை’ என்று நம்மிடம் வந்து வருந்துகிறார்கள்.

மீண்டும் படத்திற்கு வருவோம். தமிழ்த் திரையில் தந்தை மகன் உறவு என்றால் ஒன்று கண்ணீர், இல்லையேல் பழிவாங்கல். அந்நிலையில், கண்ணெதிரே இருந்தும் தகப்பனுக்குத் தெரியாமல் போன ஒரு மகனை உருவாக்கியதற்கு இரஞ்சித்தையும் உடன் எழுதிய தமிழ்ப்பிரபாவையும் பாராட்ட வேண்டும். கலையரசன் அதனை மிகையின்றி நடித்திருக்கிறார். ஆனால் கட்டியெழுப்பிய வினாவோடு தங்கியிருக்கப் படத்திற்குப் பொறுமை இல்லை. பின்பாதியில் கதை முழுவதும் கபிலனின் வீழ்ச்சியையும் மீட்சியையும் தொடர்ந்து ஓடுகிறது. தாய் பாக்கியமே மனம் மாறி மகனைக் கடற்கரையில் வாழும் பீடி இராயப்பனிடம் கூட்டிச்செல்லும் இடம், மறைந்த கணவனின் கலையைத் தாய் தன் கையால் மகனுக்குத் திருப்பிக் கொடுக்கும் இடமாகச் சிறக்கிறது. கடைசி மேடையில் இரங்கனின் வாழ்த்தும் கபிலனுக்குக் கிடைத்துவிடுகிறது. வாத்தியார் சீடனுக்கு மீண்டார் என்று கொட்டும் முழங்குகிறது. மகனுக்கு அவர் மீண்டாரா என்பதற்கு அங்கே இடமில்லை. கூட்டத்தில் ஒருவனாக வெற்றி கரைந்துபோகிறான்.

இப்படத்தின் அடுத்த பாகத்தை எடுக்கப்போவதாக 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். கபிலனுக்கு இன்னும் எத்தனை எதிரிகளை வேண்டுமானாலும் படைத்துக்கொள்ளட்டும். ஆட்கள் எல்லாரும் போனபின் அந்தப் பயிற்சிக் கூடத்தில் இரங்கனும் வெற்றியும் மட்டும் இருக்கும் ஒரு மாலையை அவர்கள் எழுதுவார்களாயின், அந்த ஒரு காட்சிக்காகவே நாமும் பாய் விரித்து அமர்வோம்.